தீதியின் வழக்கு

தமிழ்நாட்டில் வாக்கு எண்ணிய அன்று நான் போர்ட் பிளேர் நீதிமன்றத்தில் ஒரு வேலித் தகராறில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். சாட்சி ஒரு முதியவர். கேட்ட கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒருவழியாக முடித்துவிட்டு வழக்கறிஞர் சங்க அறைக்குள் நுழைந்தால் ஒரே கைதட்டல். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலித் தகராறுக்கா இத்தனை கைதட்டல் என்று ஒரு நொடி திகைத்து, உள்ளூரச் சந்தோஷப்படவும் செய்தேன்.

"மேடம், ஆப் கி சஹேலி ஜீத் கயீ!" என்று தெலுங்கு வக்கீல் ஒருவர் கையிலிருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உங்கள் தோழி ஜெயித்துவிட்டாள் என்கிறார். போனில் அவள். கழுத்து நிறைய மாலை, கலைந்த தலை, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே எழுத்தில் அவள் பெயரும் தொகுதியின் பெயரும் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குள் யாரோ அபர்டீன் பஜாரிலிருந்து லட்டு வரவழைத்துவிட்டார்கள். பெட்டியைப் பிரித்து என் கையில் கொடுத்து, "நீங்கதான் எல்லாருக்கும் குடுக்கணும். உங்க கூட இருந்தவங்க இல்லையா" என்றார் சங்கச் செயலாளர். கொடுத்தேன். மேசை மேசையாகப் போய், வங்காளி, மலையாளி, தெலுங்கர், தமிழர் என்று அத்தனை பேருக்கும் ஒவ்வொரு லட்டாக எடுத்து நீட்டினேன். ஒவ்வொருவரும் எனக்கு வாழ்த்து சொன்னார்கள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. கடைசியில் மிஞ்சிய லட்டைத் தின்னப் பிடிக்காமல் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பைக்குள் எறும்பு வரிசை கட்டியபோதுதான் அதன் நினைவு வந்தது.

எங்கள் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. டில்லிக்கு ஒரு எம்.பி. போவார். இங்கே நகராட்சியும் பஞ்சாயத்துகளும் உண்டு. மற்றபடி எல்லாம் அதிகாரிகள்தான். இது பலருக்குக் குறை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த ஊரில் ஒரு வக்கீல் இதற்கு மேல் வளர முடியாது, வளர இடமே இல்லை என்று எனக்கு நானே சொல்லி நிம்மதியாக இருந்தேன். சட்டமன்றமே இல்லாத ஊரிலிருந்து கிளம்பிப் போய் ஒருத்தி எம்.எல்.ஏ. ஆனதும் அந்த நிம்மதி போய்விட்டது.

அன்று மாலை லம்பா லைனில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உன் கூடச் சுத்துன பொண்ணுதானே இது?"

"ஆமா."

"உனக்கு அப்புறம் வந்தவதானே?"

"ஆமாம்மா."

"ம்" என்றாள் அம்மா. அந்த 'ம்' என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்கு அப்புறம் வந்தவள் என்பது உண்மைதான். அப்பா பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் சென்னையில் சட்டம் படித்தேன். விடுமுறைக்கு விமானத்தில் வந்து போவேன். படிப்பு முடிந்ததும் ஊரில் பேர்பெற்ற வங்காளி வக்கீல் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். சேர்ந்து ஓராண்டு ஆன பிறகு அவள் வந்தாள்.

அவளுடைய அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து படகு வேலைக்கு வந்தவர். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். அவள் திருநெல்வேலியில் படித்தாள். கப்பலில், அதுவும் அடித்தட்டு பங்க் வகுப்பில், வாந்தி எடுத்துக்கொண்டே வந்து போவாளாம். சேம்பருக்குள் நுழைந்த முதல் நாளே அதை எங்களிடம் நடித்துக் காட்டினாள். ஒரே வாக்கியத்தில் கடற்கரைத் தமிழும் தீவு இந்தியும் அரைகுறை ஆங்கிலமும் கலந்து பேசினாள். அவளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவளால் எனக்கு ஒரு தொந்தரவும் வராது என்று நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. எனக்கு எழுத வரும். மனுவோ பதிலுரையோ, ஆங்கிலத்தில் ஒரு வரி அநாவசியமில்லாமல் எழுதுவேன். அவளுக்கு மனிதர்களிடம் பேச வரும். வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். அவளைப் பார்த்தால் உட்கார்ந்து அழுவார்கள்.

ராஞ்சி காலனிப் பெண் வந்த அன்று சீனியர் சேம்பரில்தான் இருந்தார். சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து மரம் வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இங்கே பொதுவாக ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். தீவையே வெட்டித் திருத்தியவர்கள். ஆனால் சொந்தம் என்று சொல்ல ஒரு பிடி மண் கிடையாது. ஊருக்கு வெளியே காட்டு ஓரத்தில் அவர்களுடைய குடிசைகள். அந்தப் பெண்ணின் கணவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாளாகிவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. என் தோழி போய்த் தரையில் உட்கார்ந்தாள். உடனே அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கொல்கத்தாவிலிருந்து உயர் நீதிமன்ற நீதிபதிகள் வந்து அமர்வு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்கொணர்வு மனுவை நான் எழுதினேன். சாப்பாட்டுக்குக்கூட எழாமல் எழுதி முடித்தேன். சீனியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "பஹுத் அச்சா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வருவது அபூர்வம். அடுத்த நொடியே அவளைப் பார்த்து, "தும் போலோ கல்" என்றார். நாளைக்கு நீ பேசு.

"சார், டிராஃப்ட் இவ எழுதினது" என்றாள் அவள்.

"டிராஃப்ட் இவளோடது. வாய் உன்னோடது. கேஸுக்கு ரெண்டும் வேணும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பான் டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் நீதிபதி அவளிடம் கேட்டார், அந்த ஆளை எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்று. மனுவில் நான் 'மாலை சுமார் ஆறு மணியளவில்' என்று எழுதியிருந்தேன். அவள் மனுவைப் பார்க்கவில்லை. "அவர் மனைவி அடுப்பில் அரிசி போட்டிருந்தார், மை லார்ட். அது வேகுமுன் கொண்டுபோய்விட்டார்கள். அந்தச் சோற்றை அவர் இன்னும் சாப்பிடவில்லை" என்றாள், உடைந்த ஆங்கிலத்தில். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்று பிற்பகலே அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

நான் அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதன் வீடு திரும்பப் போகிறான், சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என் மனதில் ஓடியதெல்லாம், அந்த அரிசி ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான். அந்தப் பெண் அதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். காதில் விழவும் செய்தது. சட்டத்துக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. விடுவிக்கப்பட்ட ஆள், மனைவி, குழந்தை, நடுவில் என் தோழி. படத்தின் ஓரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு முழங்கை. அது என்னுடையது.

அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. நான் எழுதுவேன், அவள் பேசுவாள். தினக்கூலிக்காரர்கள், தீவில் குடியிருப்பதற்கான அனுமதிச் சீட்டில் பெயர் விட்டுப்போனவர்கள், சந்தேகத்தின் பேரில் பிடித்து வைக்கப்பட்ட மீனவர்கள் எல்லோரும் சேம்பர் வாசலில் அவள் பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். ராஞ்சி காலனிப் பெண்கள் அவளை தீதி என்றார்கள், அக்கா. என்னை மேடம் என்றார்கள். மரியாதை எனக்குத்தான் கூடுதல் என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கவில்லை.

பிறகு அந்தக் காலனியையே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆக்கிரமிப்பு என்று காரணம். தண்ணீர்க் குழாயும் அந்தக் காரணத்தினாலேயே அதுவரை வரவில்லை. சரிவுக்குக் கீழே இருந்த ஓடையிலிருந்துதான் சுமந்து வந்தார்கள். நான் எழுதியதிலேயே நல்ல மனு அந்த மனுதான். அவள் வாதாடினாள். இடைக்காலத் தடை கிடைத்தது. வீடுகள் தப்பின. தண்ணீரும் நிலமும் பிற்பாடு விசாரிக்கப்படும் என்றது உத்தரவு. காலனியில் அன்று கோழி அடித்து விருந்து வைத்தார்கள். "தீதி கா கேஸ்", அக்காவின் வழக்கு, என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது.

அந்தச் சூட்டில் அவள் நகராட்சித் தேர்தலுக்கு ஒரு கட்சியிடம் போய் இடம் கேட்டாள். "உங்க ஆளுங்க ஓட்டு அந்த வார்டுல எவ்வளவு இருக்கு, உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மிகவும் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆறு மாதம் கழிந்திருக்கும். அவளுடைய அப்பாவின் ஊரில், கடற்கரைக் கிராமத்தில், ஏதோ தகராறில் போலீஸார் ஊர்ப் பெண்களையும் சேர்த்துக் கைது செய்துவிட்டார்கள். சித்தப்பா போன் போட்டு அழுதிருக்கிறார். இவள் உடனே கிளம்பத் தயாராகிவிட்டாள். ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீயும் வாயேன். ரெண்டு பேருமாப் போவோம்."

"எப்படிடி வர்றது? இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு. கவர்ன்மென்ட் பேனல்ல பேர் வரப்போகுதுன்னு வேற சொல்றாங்க."

"பேனல் எங்கயும் ஓடிப் போவாது. அங்க ஒரு பிள்ளைக்கும் பெட்டிஷன் எழுதத் தெரியாதுட்டி."

"நீ போய்ட்டு வா. ஒரு மாசத்துல வந்துடுவல்ல?"

"வந்துருவேன்" என்றாள்.

வருவாள் என்றுதான் நானும் நினைத்தேன். மெயின்லேண்டில் ஆயிரம் வக்கீல்கள் இருப்பார்கள், அந்தக் கூட்டத்தில் இவளை யார் கண்டுகொள்வார்கள் என்றும் நினைத்தேன். கப்பல் நகர்ந்து கொஞ்ச நேரம்வரை அவள் கையசைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேடி வந்தவர்கள் இனி என்னிடம் வருவார்கள், சீனியர் இனி என்னைப் பேசச் சொல்வார் என்று கணக்குப் போட்டபடியே நானும் கையசைத்தேன்.

அவள் திரும்பவில்லை. எனக்கு அரசு வழக்கறிஞர் பேனலில் இடம் கிடைத்தது. குட்வில் எஸ்டேட்டில் வீடு பார்த்துக் குடிபோனோம். கணவருக்குக் கப்பல் துறையில் வேலை. அரசுக்காக ஆஜராகி நிறைய வழக்குகளில் வென்றேன். யாரும் அழவில்லை, யாரும் கோழி அடிக்கவில்லை. காலனி வழக்கு அரசு தரப்பில் வேறு ஒருவரிடம் இருந்தது. முன்பு மனு எழுதியவள் என்பதால் நான் அதைத் தொடவில்லை. காலனி தரப்பில் வாதாட ஆளே இல்லாமல் அது வாய்தாவிலேயே கிடந்தது.

அவளைப் பற்றிய சேதிகள் வந்துகொண்டே இருந்தன. கைதான பெண்கள் எல்லோருக்கும் ஜாமீன் வாங்கிவிட்டாள். ஊர்க்காரர்களோடு மணலில் உட்கார்ந்து போராடியதற்காக அவளையே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து வெளியே வந்தபோது பேருந்து நிலையத்திலிருந்து ஊர்வரை கூட்டம். ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் அவள் படம் வந்தது. வக்கீல் கவுன் காற்றில் பறக்க, வெறுங்காலோடு மணலில் நடந்து வருகிற படம். அதைக் கடையில் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது, கவுனை யாராவது கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போவார்களா என்பதுதான். படத்துக்காகப் போட்டிருப்பாள் என்று கணவரிடம் சொன்னேன்.

"அது கோர்ட்ல இருந்து நேரா வந்ததா இருக்கும்" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்" என்று பேச்சை விட்டுவிட்டார்.

ஜெயிலுக்குப் போனதற்குக்கூட அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதும்போது அபத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் இருந்தது. பிடித்து உள்ளே போடுகிற அளவுக்கு யாருக்காவது நான் தொல்லையாக இருந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் இல்லை.

பிறகு ஒரு கட்சி அவளுக்கு இடம் கொடுத்தது. ஜெயித்தாள். லட்டு கதை மேலே சொன்னதுதான். சட்டமன்றத்தில் அவள் முதன்முதலாகப் பேசிய துண்டு எல்லோருடைய போனிலும் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு இறப்புச் சான்றிதழ் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று கேட்டாள். "விதவைன்னும் எழுத மாட்டேங்கிறீங்க, மனைவின்னும் எழுத மாட்டேங்கிறீங்க. அவிய நெத்தியில என்னன்னு எழுதுறது, சொல்லுங்க" என்றாள். அந்தப் பேச்சில் எங்கேயாவது என்னுடைய வரி ஒன்று இருக்கிறதா என்று தேடி மறுபடியும் பார்த்தேன். இல்லை. எல்லாம் அவளுடையதே. என் வரி இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். இல்லாததும் கோபமாகத்தான் இருந்தது.

மறு வருஷம் தன் தம்பி மகளின் முதல் நற்கருணை விழாவுக்கு அவள் போர்ட் பிளேர் வந்தாள். வழக்கறிஞர் சங்கம் வரவேற்பு ஏற்பாடு செய்தது. வரவேற்புரை யார் என்று கேட்க வேண்டியதில்லை. நன்றாகவே பேசினேன். அவள் மேடையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தாள். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார். பேச அழைத்ததும் எழுந்து, "நான் பேசின கேஸ் எல்லாம் இவ எழுதினது" என்று என்னைக் கைகாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அது அவளுடைய பெருந்தன்மைக்கான கைதட்டல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

விழா முடிந்ததும், "ராஞ்சி காலனிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோமாட்டி?" என்றாள். என் காரில் போனோம். ஆட்கொணர்வு மனுவுக்காக அன்று வந்த அந்தப் பெண் இப்போது நரை விழுந்து, கையில் பேரப்பிள்ளையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. தேநீர் வந்தது. யாரோ பிளாஸ்டிக் பூமாலை போட்டார்கள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்.

"தீதி, அப் தோ ஆப் விதாயக் பன் கயீ. ஹமாரா பானி?"

அக்கா, நீங்கள்தான் எம்.எல்.ஏ. ஆகிவிட்டீர்களே, எங்கள் தண்ணீர் என்ன ஆயிற்று?

என் தோழிக்கு நாக்குக் குழறியது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. தான் வேறு மாநிலத்து எம்.எல்.ஏ., இங்கே தன்னுடைய கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று தட்டுத் தடுமாறி இந்தியில் விளக்கினாள். அவர்களுக்குப் புரியவில்லை. எம்.எல்.ஏ. என்றால் எம்.எல்.ஏ.தானே. ஒரு கிழவர் மெல்ல எழுந்து போய்விட்டார். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அவள் தோற்று நிற்பதைப் பார்க்க இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் சூரியனுக்கு அவ்வளவுதான் பொறுமை. காரில் அவள் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க நான் ஒரு போன் போட்டா தண்ணி லாரி வந்து நிக்கும். இங்க ஒரு குடத்துக்கு வழி பண்ண முடியல" என்றாள். பிறகு, "நீ ஏன் அந்தக் கேஸ எடுக்கக் கூடாது?"

"நான் பேனல்ல இருக்கேன்."

"பேனல விட்டுட்டு எடு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "உனக்கென்ன, சொல்லிட்டு நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவ. அங்க மாலை, இங்க மாலை. நான் இங்க கெடந்து உன் கேஸச் சுமக்கணும். ஜெயிச்சா தீதி கேஸ். தோத்தா மேடம் கெடுத்துட்டா. உன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "எப்ப இருந்து?"

"அந்த மொத கேஸ்ல இருந்தே. சார் என்னையப் பேசச் சொன்னாவல்லா, அப்ப ஒம் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"எதுக்குக் கேக்க? கோவத்துல நீ இன்னும் நல்லா எழுதுவ. எனக்கு அதுதான் வேண்டியிருந்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் விமான நிலையத்தில் அவளை இறக்கிவிட்டு வரும்போது மறுபடியும் எரிந்தது. தெரிந்தே இருந்திருக்கிறாள். என் பொறாமையைக்கூடப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரமே பேனலிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். "நிலையா வர்ற வேலையை விட்டுட்டு எதுக்கு?" என்று கணவர் கேட்டார். ஏழைகளுக்காக என்றேன். அவருக்காகச் சொன்ன காரணம் அது. உண்மையில், அவளால் முடிக்க முடியாததை முடிக்க ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. அதை நழுவவிட எனக்கு மனமில்லை.

காலனிக்குப் போய் வக்காலத்தில் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினேன். இந்த முறை நாற்காலியைத் தேடாமல் நானும் தரையில் உட்கார்ந்தேன். ஒரு விடியற்காலை அந்தப் பெண்களோடு ஓடைக்கு இறங்கிப் போய் ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்துச் சரிவில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி என் கேனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

உயர் நீதிமன்ற அமர்வின் முன் எழுந்து நின்றது முதல் முறை போலவே இருந்தது. பேனலில் இருந்தபோதும் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் அரசின் கோப்பு பேசும், நான் வாசிப்பேன். நீதிபதி கேட்டார், "ஓடை பக்கத்தில்தான் இருக்கிறது என்கிறதே அரசு?" வழக்குக் கட்டைப் புரட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"இறங்குவதற்குப் பக்கம்தான், மை லார்ட். ஏறும்போது இல்லை. நான் ஒரு கேன் சுமந்து பார்த்தேன். என்னால் வீடுவரை கொண்டுசேர்க்க முடியவில்லை. அவர்கள் தினமும் சுமக்கிறார்கள்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஆண்டுகள் நான் ஏங்கிக்கிடந்த பார்வை அது. வாங்கியவுடனே தெரிந்தது, அந்தப் பதில் அவள் பேசுகிற மாதிரி இருந்தது என்று.

நில உரிமை பற்றிய கேள்வியை நிலுவையில் வைத்துவிட்டுக் குடிநீர்க் குழாய் மட்டும் போட்டுக்கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. மழைக்காலம் முடிந்து பள்ளம் தோண்டினார்கள். குழாயில் தண்ணீர் வந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் சீறியது, பிறகு தெளிந்தது. பிள்ளைகள் நனைந்து குதித்தார்கள். நரைத்த அந்தப் பெண் ஒரு டம்ளர் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி, "தீதி கா பானி!" என்று என்னிடம் நீட்டினாள். அக்காவின் தண்ணீர். கூட்டம் கைதட்டியது. வக்காலத்தில் இருப்பது என் பெயர், சரிவில் மூச்சு வாங்கியது நான், இந்தத் தண்ணீருக்காக அவள் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை என்று அந்த இடத்தில் யாரிடம் சொல்வது? வாங்கிக் குடித்தேன். இரும்பு வாடை அடித்தது.

உத்தரவு நகலை முன்பே அவளுக்கு அனுப்பியிருந்தேன். பெருமைக்காகத்தான் அனுப்பினேன். குழாய் வந்த படத்தையும் அனுப்பினேன். அன்று சாயங்காலம் போன் செய்தாள். பின்னணியில் ஒரே ஆள் சத்தம். மனு கொடுக்க வந்தவர்களாக இருக்கும்.

"ஏட்டி, தண்ணி வந்துட்டாமே! என்ன சந்தோஷம் தெரியுமா. ஆர்டர முழுசாப் படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு. ஒண்ணு கேக்கட்டா? பாதைய ஏன் கேக்கல?"

"என்ன பாதை?"

"காலனிக்கு வார பாதை. அது காட்டு நிலத்துல கெடக்குல்லா. நாளைக்கு அதுல வேலி போட்டுட்டாவன்னா ஆம்புலன்ஸ் எப்படி உள்ள வரும்? குழாயோட சேத்தே கேட்டிருக்கலாமே."

அந்தப் பாதையில் எத்தனை முறை காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை. அவள் ஊரைவிட்டுப் போன பிறகு ஒரே ஒரு தடவை வந்துவிட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து உத்தரவைப் படித்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். யாரோ கூப்பிடுறாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

சமையலறையில் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இரவுச் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது. அவள் சொன்னது சரி என்பதுதான் கோபம். வேறு யார் சொல்லியிருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன்.

காலையில் சேம்பருக்குப் போனதும் முதல் வேலையாகப் பாதைக்கான இடைமனுவை எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று வேகவேகமாக எழுதினேன். நன்றாகவே வந்தது.